அரசாங்கக் கப்பலை உடைக்கச் சட்டம் இல்லையா? (கேள்வி பதில்)

முல்லைத்தீவு, மன்னார் கரையோர ஆட்கள் கேட்டவற்றுக்கு, கப்பல் உடைப்பு வேலையை நன்கு அறிந்த ஒருவர் சொன்ன பதில்கள்.

கள்ளப்பாட்டுத் தம்பி: அண்ணை, ஹொங்கொங் உடன்படிக்கை வந்திட்டுதாம். இனி எந்தக் கப்பலையும் கண்டபடி உடைக்க ஏலாதுதானே?

வணிகக் கப்பல் என்றால் சரி. 2009இல் எழுதிய அந்த உடன்படிக்கை 2025 ஜூன் 26இல்தான் நடைமுறைக்கு வந்தது. எந்த நச்சுப்பொருள் எங்கே இருக்கிறது என்ற பட்டியலோடுதான் கப்பல் உடைக்கப் போகவேண்டும். ஆனால் கடற்படைக் கப்பலுக்கும், வணிகத்துக்கு ஓடாத அரசாங்கக் கப்பலுக்கும் விலக்கு. இயன்றளவுக்கு அதே முறையில் நடக்கட்டும் என்று ஒரு வரி மட்டும் உண்டு. அஸ்பெஸ்டஸ் நிறைந்து கிடப்பது பழைய போர்க்கப்பல்களில்தான். அதற்கே விலக்கு என்பதை என்னால் ஏற்கமுடியவில்லை.

முள்ளியவளை ஆசிரியர்: அப்படியென்றால் தட்டிக்கேட்க வழியே இல்லையா?

இருக்கிறது, சேர். பிரான்ஸ் தன் கிளெமென்சோ விமானந்தாங்கிக் கப்பலை 2005 கடைசியில் குஜராத்தின் அலாங் கப்பல் உடைப்புக் கரைக்கு அனுப்பியது. இந்திய உச்ச நீதிமன்றம் உள்ளே விடவில்லை. 2006 பெப்ரவரியில் ஜனாதிபதி சிராக் திருப்பி அழைத்தார். கடைசியில் இங்கிலாந்தில்தான் உடைத்தார்கள். அங்கே கைகொடுத்தது பாசல் உடன்படிக்கை: நச்சுப்பொருளோடு உடைக்கப் போகிற கப்பல் நச்சுக்கழிவு, அதை நினைத்த நாட்டுக்குத் தள்ள ஏலாது. இலங்கையும் அதில் சேர்ந்த நாடு.

அப்புறம் அதன் சகோதரக் கப்பல், பிரேசில் வாங்கிய சாவோ பாவ்லோ. உடைக்க அனுப்பியபோது 2022இல் துருக்கி வேண்டாம் என்றது. பிரேசில் துறைமுகங்களும் விடவில்லை. 2023 பெப்ரவரியில் பிரேசில் கடற்படையே அதை அத்திலாந்திக்கில் தாட்டுவிட்டது. உடைக்கும் பொறுப்பை முன்கூட்டியே எழுதிவைக்காத அரசாங்கம் கடைசியில் கடலின் தலையில்தான் கட்டும்.

மன்னார் சங்கு குளிப்பவர்: ஃபரா கப்பல் முள்ளிவாய்க்கால் கரையில் கிடந்ததுபோல, மணலில் வைத்தே வெட்டினால் என்ன?

அது தனியார் சரக்குக் கப்பல். ஆனால் மணலுக்கு அந்த வேறுபாடு தெரியாது. கீழே கொங்கிறீற்றுத் தளம் இல்லாவிட்டால் எண்ணெயும் பெயின்ற் சீவலும் அடுத்த அலையோடு போய்விடும். பழைய அடிப்பெயின்றில் இருந்த ட்ரைபியூட்டைல் டின் கடல் நத்தை இனங்களின் இனப்பெருக்கத்தையே கெடுக்கும். சங்கும் அந்த இனம்தான். நீங்கள் பயப்படுவது நியாயம்.

கிளிநொச்சித் தங்கச்சி: என் அவர் காஸ் கட்டிங் வேலைக்குப் போகிறார். எதைக் கவனிக்கச் சொல்ல?

தாங்கிக்குள் இறங்கமுன் ஒட்சிசன் அளக்கும் மீற்றர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கோ. பூட்டிக்கிடந்த தாங்கியில் துருவே ஒட்சிசனைத் தின்றுவிடும். மணம் ஒன்றும் வராது. விழுந்தவரைத் தூக்க இறங்குகிறவரும் விழுவார். குழாய்களைச் சுற்றி வெள்ளை நார் கண்டால், அது அஸ்பெஸ்டஸாக இருக்கலாம், கை வைக்கவே வேண்டாம். துணி முகக்கவசம் அதற்குக் காணாது, நோய் இருபது முப்பது வருஷம் கழித்துத்தான் தெரியும்.

கள்ளப்பாட்டுத் தம்பி: இங்கே ஒரு அரசாங்கக் கப்பலை உடைக்க வந்தால் என்ன கேட்க?

கேள்விமனுவைக் கேளுங்கோ, தம்பி. நச்சுப்பொருள் பட்டியல், உடைக்கும் இடம், கழிவு போய்ச்சேரும் இடம், தொழிலாளர் காப்புறுதி எல்லாம் அதில் எழுதியிருக்கவேண்டும். கூடின விலை கேட்டவருக்கே கொடுப்பது என்று மட்டும் இருந்தால், மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் எழுத்தில் எதிர்ப்பைக் கொடுங்கோ. விற்று முடிந்தபிறகு கொந்தராத்துக்காரரைப் பிடிப்பது கஷ்டம்.