மகனை ஒளிச்சுக் கூட்டிட்டு வராதீங்க

மஸ்கெலியாவில இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கீங்க. வீட்டுக்காரர் கனடாவில, டொரொண்டோ ஸ்காபரோவில இருக்கார், ஸ்பான்சர் வேலை நடக்குது, 13 வயசு மகனுக்கு மூளை வளர்ச்சி குறைவு. விசா மெடிக்கல்ல அதைச் சொல்லலாமா, பள்ளிக்கூடத்தில சேர்ப்பாங்களா, வாடகை எவ்வளவு, குளிர் உடுப்பு அங்கேயே வாங்கணுமா. வாடகை உங்க வீட்டுக்காரருக்கே தெரியும். உடுப்பை இங்க வந்து வாங்குங்க; ஹட்டன்ல விக்கிற ஜாக்கெட் நம்ம மலைக் குளிருக்குத்தான் சரி. மத்த ரெண்டுக்கும் நான் பதில் சொல்லியே ஆகணும்.

2003ல நானும் இப்படித்தான் வந்தேன். மகனுக்கு ஒம்பது வயசு. "பிள்ளைக்குக் குறை இருக்குன்னு தெரிஞ்சா விசா கிடைக்காது"ன்னு ஏஜென்சிக்காரர் சொன்னதை நம்பி, மெடிக்கலுக்கு முதல் நாள் ராத்திரி கொழும்பு லாட்ஜ்ல உக்காந்து பேரு, வயசு, அப்பா பேருன்னு அவனுக்குச் சொல்லிக் கொடுத்தேன். விடியும் வரைக்கும் தூங்க விடலை. மறுநாள் டாக்டரைப் பார்த்ததும் பயந்து அழுதுட்டான், ஒரு வார்த்தை வரலை. ஆனா விசா வந்துச்சு. கணவர் ஸ்பான்சர் பண்ற மனைவி பிள்ளைகளை மருத்துவச் செலவைக் காரணம் காட்டி மறுக்க முடியாதுன்னு அப்பவே சட்டம் இருந்திருக்கு. அந்த ராத்திரியை நினைச்சா எனக்கு இன்னும் நெஞ்சு அடைக்குது. வேற வழியில வாறவங்களுக்கும் 2018ல விதியை மாத்திட்டாங்க, விசேட கல்விச் செலவை இப்ப கணக்கில சேர்க்கிறதில்லை. மறைச்சுப் பிடிபட்டாத்தான் அஞ்சு வருஷத் தடை. அதனால கிளினிக் கொப்பி, பள்ளிக்கூட ரிப்போர்ட், தடுப்பூசி அட்டை எல்லாத்தையும் கையோட கொண்டு வாங்க.

பள்ளிக்கூடம் கட்டாயம் கிடைக்கும், ஸ்காபரோ இருக்கிற ஒன்டாரியோ மாகாணத்தில குறையைச் சொல்லி எந்தப் பிள்ளையையும் சேர்க்காம திருப்பி அனுப்ப முடியாது. கவனம் தேவைப்படுறது சேர்ந்த பிறகுதான். ஐ.பி.ஆர்.சி.ன்னு ஒரு கூட்டம் வைப்பாங்க. பிள்ளைக்கு என்ன குறை, எந்த வகுப்பில போடுறதுன்னு அதிலதான் முடிவாகும். அந்தக் கூட்டம் வேணும்னு நீங்களே அதிபருக்கு எழுதிக் கேக்கலாம், துணைக்கு ஆளும் கூட்டிப் போகலாம். முடிவு பிடிக்கலைன்னா 30 நாளுக்குள்ள அப்பீல் பண்ணலாம். எனக்கு இதில ஒண்ணும் தெரியாது. மொழிபெயர்க்கப் பக்கத்து வீட்டுப் பையனைக் கூட்டிப் போய், எல்லாத்துக்கும் தலையாட்டிக் கையெழுத்து வச்சிட்டு வந்தேன். அவனுக்கு இங்கிலீஷ் வராததையும் மூளைக் குறையோட சேர்த்தே எழுதி வச்சாங்க. தமிழ் மொழிபெயர்ப்பாளர் இல்லாம எந்தச் சோதனைக்கும் ஒத்துக்காதீங்க.

ஹைஸ்கூல் போனதும் பாடக் குறியீட்டைப் பாருங்க. 'கே' (K) எழுத்தில தொடங்குற பாடத்துக்குக் கிரெடிட் இல்லை. டிப்ளோமாவுக்கு 30 கிரெடிட் வேணும். சில பிள்ளைகளுக்கு அந்தப் பாடம்தான் பொருத்தம், அதில குறை சொல்ல ஒண்ணுமில்லை. ஆனா என் மகன் அந்த வகுப்பில ரெண்டு வருஷம் துவாய் மடிச்சான். காசு எண்ணத் தெரிஞ்ச பிள்ளை அவன், நோர்வூட் கடையில மிச்சக் காசு சரியா வாங்கிட்டு வருவான். நான் போய்ச் சண்டை பிடிச்ச பிறகுதான் கோ-ஒப்ல, அதாவது பள்ளிக்கூடம் வழியா வேலை பழகுற பாடத்தில, ஒரு கடைக்கு அனுப்பினாங்க.

நம்ம சனத்தைப் பத்தியும் சொல்லணும். டெஸ்ட் எடுக்காதே, ஃபைல்ல ஏறினா தங்கச்சிமாருக்குக் கல்யாணம் அமையாதுன்னு சொல்றவங்களை நிறையச் சந்திப்பீங்க. கோயிலுக்குக்கூடப் பிள்ளையைக் கூட்டி வராத குடும்பங்கள் எனக்குத் தெரியும். 21 வயசோட பள்ளிக்கூட பஸ் நிக்கும். அதுக்குப் பிறகு அந்தப் பிள்ளைகள் பேஸ்மென்ட்ல டிவிதான் பார்க்குதுகள். வளர்ந்தவங்களுக்கான சேவைக்கு விண்ணப்பிக்கிற இடத்துக்கு டி.எஸ்.ஓ. (DSO)ன்னு பேரு. சேவை 18லதான் தொடங்கும், ஆனா 16லயே விண்ணப்பிக்கலாம். வரிசை நீளம், பிந்தாதீங்க. வேலைக்குப் போனா, ஊனமுற்றவங்களுக்கு அரசாங்கம் குடுக்கிற உதவிப்பணத்தை வெட்டுவாங்கன்னு இன்னொரு கதை. மாசம் 1,000 டாலர் வரைக்கும் ஒண்ணும் வெட்டமாட்டாங்க, அதுக்கு மேல உழைக்கிறதிலதான் 75 சதவீதம் கழிப்பாங்க. 2023ல இருந்து அப்படித்தான்.

என் மகன் 21க்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல வீட்டில இருந்தான். பிறகு ஒரு ஜாப் கோச் கிடைச்சார். மரக்கறிக் கடையில அவன் பக்கத்திலயே நின்னு, எது அழுகினது எது நல்லதுன்னு படம் ஒட்டிப் பழக்கினார். மூணாவது வாரம் அவர் தள்ளி நின்னார். இன்னைக்கும் அவன் அதே கடையிலதான் வேலை செய்யறான்.

இவ்வளவும் நான் எழுதுறது என் தம்பியாலதான். அவனும் இப்படித்தான் பிறந்தான். தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில கடைசி பெஞ்சு, ரெண்டாம் வகுப்போட அனுப்பிட்டாங்க. இலங்கையில அரசாங்க வேலையில 100க்கு 3 இடம் ஊனமுற்றவங்களுக்குன்னு 1988லயே சுற்றறிக்கை வந்திருக்கு, எங்க தோட்ட லயத்துக்கு அதைச் சொல்ல ஒருத்தர் வரலை. ஆனா தம்பி வேலைக்காரன். அம்மாவோட மலைக்குப் போய் சுத்தமா கொழுந்து எடுப்பான், முத்தல் இலை ஒண்ணு இருக்காது. அத்தனையும் அம்மா பேர்ல நிறுத்தாங்க, தோட்டத் தொழிலாளர் பதிவேடான செக்ரோல்ல அவனுக்குப் பேர் போடலை. அதில இருந்து அம்மா பேரை வெட்டினதும் அவன் வேலையும் போச்சு. அதுக்கப்புறம் லயத்து முன்வாசல் இஸ்தோப்பிலயே உக்காந்திருக்கான்.

மகனோட முதல் சம்பளச் சீட்டைப் படம் எடுத்து ஊருக்கு அனுப்பினேன். பக்கத்துக் காம்பராப் (லயத்து அறை) பிள்ளை அதில இருந்த பேரைத் தம்பிக்கு வாசிச்சுக் காட்டிச்சாம். எத்தனை கிலோ போட்டிருக்குன்னு கேட்டானாம்.