பைபிளில் முஹம்மது நபியைப் பற்றிய முன்னறிவிப்பு உண்டா? முஸ்லிம்கள் எந்த வசனங்களை வைத்துச் சொல்கிறார்கள்?

கேள்வி கேட்டவர், முஸ்லிம் நண்பர்கள் "இருக்கிறது" என்கிறார்கள், கிறிஸ்தவ நண்பர்கள் "சுத்தமாக இல்லை" என்கிறார்கள், யார் சொல்வதை எடுத்துக்கொள்வது என்று கேட்டிருக்கிறார். நான் முஸ்லிம். பல வருடங்களாகக் குர்ஆனோடு சேர்த்துத் தமிழ் பைபிளையும் வாசித்து வருகிறேன். அந்த இடத்திலிருந்துதான் பதில் சொல்ல முடியும்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். குர்ஆன் சொல்வது ஒன்று, பிற்கால அறிஞர்கள் வசனம் காட்டிச் சொல்வது இன்னொன்று. தங்களிடமுள்ள தவ்ராத்திலும் (மூசா நபிக்கு, அதாவது மோசேக்கு, அருளப்பட்ட வேதம்) இன்ஜீலிலும் (ஈஸா நபிக்கு, அதாவது இயேசுவுக்கு, அருளப்பட்ட வேதம்) எழுதப்பட்டிருப்பதாக அவர்கள் காணும் எழுதப்படிக்கத் தெரியாத நபி என்று குர்ஆன் 7:157 சொல்கிறது. எனக்குப் பின் அஹ்மத் என்ற பெயருடைய தூதர் வருவார் என்று ஈஸா நபி நற்செய்தி கூறியதாக 61:6 சொல்கிறது. இவை எங்கள் நம்பிக்கை. ஆனால் எந்த ஆகமத்தில், எந்த அதிகாரத்தில் என்று குர்ஆன் எங்கேயும் குறிப்பிடவில்லை. அந்தத் தேடலைச் செய்தவர்கள் மனிதர்கள். ஆகவே குறிப்பிட்ட ஒரு வசனத்தைப் பற்றி "இது பொருந்தவில்லையே" என்று ஒரு முஸ்லிம் சொன்னால் அவருடைய ஈமானுக்கு (இறைநம்பிக்கைக்கு) ஒன்றும் ஆகிவிடாது. இந்த வேறுபாடு தெரியாமல்தான் நம் ஊர் மேடைகளில் இவ்வளவு சூடு.

தேடியவர்களில் பலர் வேதம் படித்து வளர்ந்து பிறகு இஸ்லாத்துக்கு வந்தவர்கள். 9-ஆம் நூற்றாண்டில் அலி இப்னு ரப்பான் அத்தபரீ என்ற மருத்துவர் அப்பாஸிய கலீஃபா முதவக்கிலின் அரசவையில் இருந்தார். வாழ்நாளின் பெரும்பகுதியைக் கிறிஸ்தவராகக் கழித்து, முதுமையில் இஸ்லாத்தை ஏற்றவர். பழைய ஏற்பாட்டிலிருந்து, அதிலும் ஏசாயாவிலிருந்து, நீண்ட பகுதிகளை எடுத்து வரிசையாக விளக்கினார். இன்று இணையத்தில் சுற்றும் பட்டியல்களில் பல அவர் காலத்திலேயே இருந்தவைதான்.

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது ஏசாயா 42. காரணம், இதன் சாயல் ஹதீஸிலேயே (நபிகளாரைப் பற்றிய அறிவிப்புகளிலேயே) இருக்கிறது. தவ்ராத்தில் நபிகள் நாயகம் (ஸல்) எப்படி வர்ணிக்கப்பட்டிருக்கிறார் என்று அதா இப்னு யஸார் கேட்டபோது, நபித்தோழர் அப்துல்லாஹ் இப்னு அம்ர் சொன்ன பதில் புகாரி என்ற ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. நீர் என் அடியார், என் தூதர். கடுகடுப்பானவர் அல்லர், கடைத்தெருவில் கூச்சல் போடுபவர் அல்லர். தீமைக்குத் தீமை செய்யாமல் மன்னிப்பவர். கோணிப்போன மக்களை நேராக்கும்வரை அல்லாஹ் அவர் உயிரைக் கைப்பற்ற மாட்டான். குருட்டுக் கண்களும் செவிட்டுக் காதுகளும் அவர் மூலம் திறக்கும். இது அந்தப் பதிலின் சாரம்.

இதை வைத்துக்கொண்டு ஏசாயா 42-ஐத் திறந்து பாருங்கள். "இதோ, என் தாசன்" என்று தொடங்குகிறது. அவர் கூக்குரலிட மாட்டார், தெருவில் தம் சத்தத்தைக் கேட்கச் செய்ய மாட்டார், பூமியில் நியாயத்தை நிலைநாட்டும்வரை தளர மாட்டார், குருடருடைய கண்களைத் திறப்பார். அப்துல்லாஹ் "தவ்ராத்" என்றது ஐந்து ஆகமங்களை மட்டுமில்லை, யூத வேதம் முழுவதையும் என்று இதிலிருந்தே விளங்கும். ஆரம்பகால முஸ்லிம்கள் அந்தச் சொல்லை அப்படி விரிவாகத்தான் பயன்படுத்தினார்கள். பிறகு 11-ஆம் வசனம். கேதார் குடியிருக்கும் கிராமங்கள் குரல் எழுப்பட்டும், சேலாவில் குடியிருப்பவர்கள் மலையுச்சிகளிலிருந்து ஆர்ப்பரிக்கட்டும் என்கிறது. ஆதியாகமம் 25:13-இன்படி கேதார், அரபியரின் மூதாதையாகக் கருதப்படும் இஸ்மாயீலின் இரண்டாவது மகன். சேலா என்பது மதீனாவிலுள்ள ஸல்உ மலை என்று முஸ்லிம் எழுத்தாளர்கள் சொல்வார்கள். ஏதோம் நாட்டில், இன்றைய ஜோர்டான் பகுதியில் அதே பெயரில் ஓர் ஊர் இருந்ததால் அந்த அடையாளத்தை நான் அழுத்திச் சொல்ல மாட்டேன். ஆனால் தாசனின் வருகைக்கு அரபுப் பாலைவனம் மகிழ்ந்து பாட வேண்டும் என்று கேட்கப்படுகிறதே, அது லேசான விஷயம் இல்லை.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். மத்தேயு 12-ஆம் அதிகாரம் இதே பகுதியை எடுத்து இயேசுவைப் பற்றியது என்கிறது. யூத வாசிப்பில் இந்தத் தாசன் இஸ்ரவேல் மக்களே, ஏனென்றால் 41:8-இல் "என் தாசனாகிய இஸ்ரவேலே" என்றும் 44:1-இல் "என் தாசனாகிய யாக்கோபே" என்றும் பெயர் சொல்லியே அழைக்கப்படுகிறது. இன்னொன்று, 42:19-இல் "என் தாசனையல்லாமல் குருடன் யார்?" என்று கடவுளே கேட்கிறார். நபிகளாருக்குப் பொருத்தும் முஸ்லிம்கள் இந்த வசனத்துக்கு வருவதில்லை. இயேசுவுக்குப் பொருத்தும் கிறிஸ்தவர்களும் இங்கே தடுமாறுகிறார்கள். அதிகாரத்தை முழுதாக வாசித்தால் யூத விளக்கத்துக்குச் சூழலின் பலம் அதிகம் என்பதை நான் மறைக்க மாட்டேன்.

அடுத்து உபாகமம் 33:2. கர்த்தர் சீனாயிலிருந்து வந்தார், சேயீரிலிருந்து உதித்தார், பாரான் மலையிலிருந்து பிரகாசித்தார். சீனாய் மூசாவுக்கு, சேயீர் ஈஸாவுக்கு, பாரான் முஹம்மதுக்கு என்பது பழைய முஸ்லிம் விளக்கம். இப்னு தைமிய்யா என்ற இஸ்லாமிய அறிஞர் இதைக் குர்ஆனின் 95-ஆம் அத்தியாயத்தோடு இணைத்தார். அத்தியும் ஒலிவமும் விளையும் நிலம், சினாய் மலை, அபயமளிக்கும் இந்த ஊர் என்று அங்கேயும் மூன்று இடங்கள் வருகின்றன. ஆதியாகமம் 21:21-இல் இஸ்மாயீல் பாரான் வனாந்தரத்தில் குடியிருந்தார் என்று இருப்பது இதற்கு ஆதாரம்.

இதில் பலவீனமான கண்ணி சேயீர். அது சாக்கடலுக்குத் தெற்கே, யாக்கோபின் அண்ணன் ஏசாவின் வம்சத்தார் வாழ்ந்த நாடு. ஈஸா நபியின் வாழ்க்கையோடு அதற்குத் தொடர்பில்லை. பாரானும் எண்ணாகமத்தில் சினாய்த் தீபகற்பத்தை ஒட்டிய வனாந்தரமாகவே வருகிறது. அங்கிருந்துதான் மூசா வேவுகாரர்களை அனுப்புகிறார். மக்காவுக்கு அது வெகுதூரம்.

ஆனால் விஷயம் அங்கே முடியவில்லை. ஸிஃப்ரே என்ற யூத விளக்க நூல் இஸ்லாத்துக்கு முந்தியது என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். அது இதே வசனத்துக்குத் தரும் விளக்கத்தைப் பாருங்கள். கடவுள் தோராவை முதலில் மற்ற சமூகங்களிடம் கொண்டுபோனாராம். ஏசாவின் மக்கள் "அதில் என்ன இருக்கிறது?" என்று கேட்டார்கள், கொலை செய்யாதே என்றதும் வேண்டாம் என்றார்கள். இஸ்மாயீலின் மக்கள் கேட்டார்கள், திருடாதே என்றதும் வேண்டாம் என்றார்கள். அதே நூல், சீனாய் என்றது எபிரேய மொழியை, சேயீர் என்றது ரோமரின் மொழியை, பாரான் என்றது அரபு மொழியைக் குறிக்கிறது என்றும் சொல்கிறது. பாரானிலிருந்து வீசிய ஒளியில் அரபியரையும் அரபு மொழியையும் பார்த்தவர்கள் யூத ரப்பிகளேதான். அவர்கள் கதையில் அரபியர் வேதத்தை மறுத்தார்கள், எங்கள் வாசிப்பில் கடைசியில் பெற்றுக்கொண்டார்கள். "முஸ்லிம்கள் இல்லாததை இட்டுக்கட்டினார்கள்" என்று யாராவது சொல்லும்போது இந்த இடம்தான் எனக்கு நினைவுக்கு வரும்.

இதற்கு மிகக் கூர்மையான மறுப்பு எழுதியவர் யூத மேதை மைமோனிதிஸ். 1172 வாக்கில், மதம் மாறும்படி நெருக்கப்பட்டுத் தவித்த யேமன் நாட்டு யூதர்களுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். "பிரகாசித்தார்" என்று இறந்தகாலத்தில்தானே இருக்கிறது, முன்னறிவிப்பானால் "பிரகாசிப்பார்" என்றல்லவா இருக்க வேண்டும் என்று கேட்டார். வருவதை நடந்ததுபோலப் பேசுவது எபிரேயத் தீர்க்கதரிசிகளிடம் உண்டு என்றாலும், இந்த இடத்தில் சீனாய் நிகழ்ச்சி நினைவுகூரப்படுவதால் அவர் சொல்வது எனக்குச் சரியென்றே படுகிறது.

அதே கடிதம் எண்கணித வாதத்தையும் தொடுகிறது. ஆதியாகமம் 17:20-இல் இஸ்மாயீலை "மிகவும் அதிகமாக" பெருகச் செய்வேன் என்று வருகிறது. அந்த எபிரேயச் சொற்களின் எழுத்து மதிப்பைக் கூட்டினால் 92, முஹம்மது என்ற பெயருக்கும் 92. 1163-இல் இஸ்லாத்தை ஏற்ற யூதக் கணித அறிஞர் ஸமவ்அல் அல்மக்ரிபீ இதை எழுதியிருக்கிறார். முன்னறிவிப்பில் வந்ததாகக் குர்ஆன் சொல்லும் பெயர் அஹ்மத் ஆயிற்றே, அதற்குக் கூட்டுத்தொகை ஒத்துவரவில்லையே என்பது மைமோனிதிஸின் பதில். இதிலும் நான் அவர் பக்கம். எண் கூட்டினால் யாரை வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் கண்டுபிடிக்கலாம். உன்னதப்பாட்டு 5:16-இல் முஹம்மதின் பெயரே இருக்கிறது என்ற வாதத்தையும் இதோடு சேர்த்து ஓரமாக வைத்துவிடலாம். காதலி காதலனைப் புகழும் பாட்டு அது.

உபாகமம் 18:18 எல்லோருக்கும் தெரிந்தது. உன்னைப்போல ஒரு தீர்க்கதரிசியை அவர்கள் சகோதரரிலிருந்து எழுப்புவேன், என் வார்த்தைகளை அவர் வாயில் வைப்பேன். இஸ்ரவேலரின் சகோதரர் என்றால் இஸ்மாயீல் வழியினர் என்பது எங்கள் தரப்பு. உபாகமம் 2:4 ஏசாவின் மக்களைச் சகோதரர் என்று அழைப்பதால் இந்தப் பொருளுக்கு இடமுண்டு. ஆனால் 17:15-இல் உன் சகோதரரிலிருந்து ராஜாவை ஏற்படுத்து, அந்நியன் கூடாது என்று வரும்போது அது இஸ்ரவேலரை மட்டுமே குறிக்கிறது. பக்கத்து அதிகாரம் என்பதால் அந்தப் பக்கம்தான் தட்டு தாழ்கிறது. "உன்னைப்போல" என்பதில் எங்கள் வாதம் வலுவானது. மூசாவைப்போலவே முஹம்மதும் சட்டம் கொண்டுவந்தார், மக்களை ஊரைவிட்டு அழைத்துச் சென்றார், ஒரு சமூகத்தை ஆண்டார், இயற்கையாக இறந்தார். ஃபிர்அவ்னிடம் (பார்வோனிடம்) ஒரு தூதரை அனுப்பியதுபோல உங்களிடமும் ஒரு தூதரை அனுப்பினோம் என்று குர்ஆன் 73:15 தானே இந்த ஒப்புமையைச் செய்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் இந்திய அறிஞர் ரஹ்மதுல்லாஹ் கைரானவியும், அவர் வழியில் பிற்காலப் பேச்சாளர் அஹ்மத் தீதாத்தும் இதைத்தான் விரிவாகப் பேசினார்கள். கிறிஸ்தவர்கள் அப்போஸ்தலர் 3:22-ஐக் காட்டி, பேதுருவே இதை இயேசுவுக்குப் பொருத்திவிட்டார் என்பார்கள். சமாரியர்களுக்கோ இந்த வசனத்தை ஒட்டி வேறொரு மீட்பரைப் பற்றிய எதிர்பார்ப்பு இருந்தது.

யோவான் 14 முதல் 16 வரை, தமக்குப் பின் வருவார் என்று இயேசு சொல்லும் தேற்றரவாளனைப் பற்றியும் கேட்பீர்கள். 781 வாக்கில் பாக்தாதில் கலீஃபா மஹ்தியும் கிழக்குத் திருச்சபையின் தலைவர் முதலாம் திமோத்தேயுவும் இரண்டு நாள் உரையாடினார்கள். அங்கேயே இந்தக் கேள்வி வந்துவிட்டது. தேற்றரவாளன் பரிசுத்த ஆவி என்று சுவிசேஷமே சொல்கிறது (14:26), உலகம் அவரைக் காணாது என்கிறது, முஹம்மதையோ உலகம் கண்டது என்று திமோத்தேயு பதில் சொன்னார். அவர் தம் சுயமாகப் பேசாமல் தாம் கேட்டதையே பேசுவார் என்ற 16:13, மன இச்சைப்படி அவர் பேசுவதில்லை, அது வஹீதான் (இறைவெளிப்பாடுதான்) என்ற குர்ஆனின் 53:3-4-ஐ அப்படியே நினைவூட்டுகிறது. முஸ்லிம் மனதை ஈர்ப்பது இதுதான். ஆனாலும் 14:26-ஐத் தாண்டிப் போக எனக்கு வழி தெரியவில்லை.

அதே உரையாடலில் ஏசாயா 21:7-உம் வந்தது. கழுதை மீது வருபவர் இயேசு, ஒட்டகத்தின் மீது வருபவர் முஹம்மது என்றார் கலீஃபா. இல்லை, மேதியரும் பாரசீகரும்தான் என்றார் திமோத்தேயு. அதே அதிகாரத்தில் ஏலாமும் மேதியாவும் பெயர் சொல்லி வருவதால் அவர் கையே ஓங்கியது. ஆனால் இஸ்லாம் பரவிய பிறகு எழுதப்பட்ட, ரப்பி ஷிமோன் பார் யோஹாயின் பெயரில் வழங்கும் ஒரு யூதத் தரிசன நூல் இதே ஒட்டக வசனத்தை எடுத்து, ரோமரிடமிருந்து உங்களை மீட்கவே கடவுள் இஸ்மாயீலின் அரசைக் கொண்டுவருகிறார் என்று யூதர்களுக்கு ஆறுதல் சொல்கிறது.

வேதத்தைப் பின்னாலிருந்து முன்னுக்கு வாசிப்பது எங்கள் தனி வழக்கம் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். ஓசியா 11:1 "எகிப்திலிருந்து என் குமாரனை அழைத்தேன்" என்கிறது. அங்கே பேசப்படுவது இஸ்ரவேல் விடுதலை பெற்ற பழைய கதை. மத்தேயு 2:15 அதைக் குழந்தை இயேசுவுக்குப் பொருத்துகிறது. அது நம்பிக்கையிலிருந்து பிறந்த வாசிப்பு, எங்களுடையதும் அப்படித்தான். ஒன்றை ஏற்று மற்றதை மட்டும் கேலி செய்வது நியாயமாகாது.

"வேதம் மாற்றப்பட்டது என்று சொல்லிக்கொண்டே அதிலிருந்து ஆதாரம் காட்டலாமா?" என்ற கேள்விக்கு முஸ்லிம்களிடம் ஒரே பதில் இல்லை. எழுத்தே மாறியது என்று இப்னு ஹஸ்ம் என்ற அறிஞர் கடுமையாக வாதிட்டார். பொருளைத்தான் திரித்தார்கள் என்றவர்களும் உண்டு. 15-ஆம் நூற்றாண்டில் கெய்ரோவில் அல்பிகாஈ தம் குர்ஆன் விளக்கவுரையில் பைபிளை நீளமாக மேற்கோள் காட்டினார். எதிர்ப்பு கிளம்பியதும், அப்படி மேற்கோள் காட்டுவது மார்க்கத்தில் அனுமதிக்கப்பட்டதே என்று தனி நூலே எழுதினார்.

கிறிஸ்தவ நண்பரோடு பேசுவதானால் தனி வசனங்களை விட்டுவிட்டு ஆதியாகமம் 17, 21 அதிகாரங்களிலிருந்து தொடங்குங்கள். உடன்படிக்கை ஈசாக்கோடு என்று 17:21 சொல்வதை மறைக்க வேண்டாம். அதற்கு முந்தைய வசனத்திலேயே இஸ்மாயீலுக்கும் ஆசீர்வாதமும் பெரிய ஜாதியாக்கும் வாக்கும் கிடைக்கின்றன. பாலைவனத்தில் தண்ணீர் தீர்ந்து இஸ்மாயீலின் தாய் ஹாஜர் (ஆகார்) அழும்போது கடவுள் பிள்ளையின் குரலைக் கேட்கிறார். அந்த வாக்கு எங்கே, எப்போது, யார் மூலம் நிறைவேறியது என்று அவரிடம் கேளுங்கள். முஹம்மதைப் பற்றி என்ன நினைக்கிறீர் என்று கலீஃபா நேராகக் கேட்டபோது, அவர் தீர்க்கதரிசிகளின் பாதையில் நடந்தார் என்று திமோத்தேயு பதில் சொன்னார். அவர் கிறிஸ்தவராகவே இருந்தார், கலீஃபா முஸ்லிமாகவே இருந்தார், இரண்டாம் நாளும் பேச்சு தொடர்ந்தது.