ஐந்து ஆடு, பத்து ஆடு வைத்திருப்போர் கேட்டவை

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேற்பட்டவை, செம்மறி வளர்ப்பில் அண்மையில் இறங்கியவர்கள் தீவனம் குறித்து எழுதியவை. ஒத்த கேள்விகளைச் சேர்த்து, ஊர்ப் பெயரை மட்டும் குறித்துப் பதில் தருகிறேன்.

குறிஞ்சிப்பாடி: பத்து ஆடுகள் வாங்கியிருக்கிறேன். ஓர் ஆட்டுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு தீவனம் வேண்டும்?

செம்மறியா வெள்ளாடா, குட்டியா வளர்ந்ததா, என்ன எடை என்று ஒன்றையும் எழுதாமல் அளவை மட்டும் கேட்டால் எப்படிச் சொல்வது? 25 முதல் 30 கிலோ எடையுள்ள வளர்ந்த செம்மறி என்று நானாகவே வைத்துக்கொள்கிறேன். உடல் எடையில் நூற்றுக்கு மூன்று முதல் நான்கு பங்கு, தண்ணீர் நீங்கலான உலர்பொருளாக வயிற்றுக்குள் போக வேண்டும், அதாவது ஏறக்குறைய ஒரு கிலோ. பசுந்தீவனத்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர் என்பதால், மூன்று கிலோ பசுந்தழையும் அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவான உலர்தீவனமும் கொடுத்தால் இந்தக் கணக்கு நிரம்பும். நாளொன்றுக்கு ஆறேழு மணி நேரம் நல்ல மேய்ச்சல் கிடைக்கும் ஆட்டுக்கு இதில் பெரும்பகுதி வெளியிலேயே கிடைத்துவிடும். மாலையில் பட்டிக்குத் திரும்பும் ஆட்டின் இடப்பக்க விலாவுக்குப் பின்னுள்ள பள்ளத்தைப் பாருங்கள். அது குழிந்திருந்தால் மேய்ச்சல் போதவில்லை, அன்றிரவு தழை கட்டித் தொங்கவிடுங்கள். தராசைவிட அந்தப் பள்ளத்தையே நான் அதிகம் நம்புகிறேன்.

பண்ருட்டி: பலாப்பழத் தோலையும் சடையையும் ஆடுகளுக்குப் போடலாமா?

பலாத் தழையைத் தாராளமாகக் கொடுக்கலாம். தோலிலும் சடையிலும் இனிப்பு மிகுதி என்பதால் ஆட்டுக்கு இரண்டு கைப்பிடியில் தொடங்குங்கள். எந்தப் புதிய தீவனமானாலும் பத்து நாள் பழக்கியே முழு அளவுக்குப் போக வேண்டும். கொட்டையைக் கொடுக்க வேண்டாம்.

காட்டுமன்னார்கோவில்: வைக்கோல் மட்டும் நிறைய இருக்கிறது. போதுமா?

போதாது. நெல் வைக்கோலில் புரதம் நூற்றுக்கு நான்கு பங்கைத் தாண்டுவது அரிது. மாடு அதை ஒருவாறு சமாளிக்கும், செம்மறி மெலிந்துபோகும். உங்கள் பக்கத்தில் நெல் அறுவடைக்குப் பின் தரிசில் உளுந்து விதைக்கிறார்கள். அந்த உளுந்துக் கொடியையும் பொட்டையும் களத்திலேயே விட்டுவிட்டு வைக்கோலைப் பற்றிக் கேட்பது எனக்கு வியப்பாக இருக்கிறது. மேற்கே போனால் மணிலா என்கிற நிலக்கடலையின் கொடி கிடைக்கும். இரண்டையும் நன்றாக உலர்த்தி, தரையிலிருந்து ஓரடி உயரத்தில் பரண் போட்டு அடுக்குங்கள். ஐப்பசி மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த கொடியையும், உடைத்தால் உள்ளே பச்சை பூத்திருக்கும் கடலைப் பிண்ணாக்கையும் குப்பையில் போடுங்கள். அந்தப் பூஞ்சையின் நஞ்சு கல்லீரலைக் கெடுக்கும்.

வில்லியனூர்: அருகில் கல்யாண மண்டபம் இருக்கிறது. மீந்த சோறு நாள்தோறும் இலவசமாகக் கிடைக்கிறது. ரேஷன் அரிசியையும் கஞ்சியாக்கிக் கொடுக்கலாம் என்கிறார்கள். செலவு குறையுமே?

செலவு குறையும், ஆடுகளும் குறையும். இதே கேள்விக்கு எத்தனை முறை பதில் எழுதியிருக்கிறேன் என்று எனக்கே நினைவில்லை. ஆனாலும் ஆண்டுதோறும் மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள், "நேற்றுவரை நன்றாக இருந்த ஆடு எழுந்திருக்கவில்லை" என்று யாராவது ஒருவர் அழைக்காமல் இருப்பதில்லை. பானைப் பொங்கலை அன்போடு ஊட்டியிருப்பார்கள்.

ஆட்டின் பெருவயிற்றில் தழையையும் புல்லையும் மெல்ல நொதிக்கச் செய்யும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் கோடிக்கணக்கில் வாழ்கின்றன. நாம் தீவனம் போடுவது முதலில் அவற்றுக்குத்தான், பிறகே ஆட்டுக்கு. சோற்றிலும் கஞ்சியிலும் உள்ள மாவுப்பொருள் ஒரேயடியாக உள்ளே போகும்போது அமிலத்தைச் சுரக்கும் நுண்ணுயிர்கள் சில மணி நேரத்தில் பெருகி, வயிறு புளித்து, நார்ச்சத்தைச் செரிக்கும் உயிர்கள் மடிந்துவிடுகின்றன. ஆடு அசைபோடுவதை நிறுத்தும், பல்லைக் கடிக்கும், புளித்த வாடையுடன் தண்ணீராகக் கழியும், தள்ளாடிப் படுக்கும். ஓரிரு நாளில் முடிந்துவிடும். பிழைத்த ஆடும் பல வாரங்களுக்குச் சரியாகத் தின்னாது. கொழுகொழுவென்று இருக்கும் குட்டிகள் இப்படி மாவுத்தீவனம் மிகுந்த பின் துள்ளுமாரி நோயிலும் திடீரென்று விழும். அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. மழைக்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள்.

நான் ஆடு வளர்க்கத் தொடங்கிய ஆண்டில், ஒரு விருந்து வீட்டுச் சோற்றை இரண்டு அன்னக்கூடை வாங்கி வந்து கொட்டி, மறுநாள் என் முதல் கிடாவைப் புதைத்தவன். ஆகவே இதைப் புத்தகத்தைப் பார்த்து எழுதவில்லை.

தெரியாமல் தின்றுவிட்டதென்றால், உடனே தீவனத்தை நிறுத்தி, வளர்ந்த ஆட்டுக்கு ஏறத்தாழ 20 கிராம் சமையல் சோடாவை அரை லிட்டர் தண்ணீரில் கரைத்து, தலையை மேலே தூக்காமல், புரையேறாதவாறு சிறிது சிறிதாகப் புகட்டிவிட்டு மருத்துவரை அழையுங்கள். சோடா கொடுத்தாயிற்று என்று மருத்துவரைத் தவிர்க்க வேண்டாம். மண்டபத்துச் சோற்றைக் கோழிக்குப் போடுங்கள்.

நெல்லிக்குப்பம்: மாட்டுக்கு வாங்கிய தாது உப்பையே ஆடுகளுக்கும் கலக்கிறேன். சரியா?

தவறு. மாட்டுக் கலவையில் உள்ள செம்புச் சத்து செம்மறிக்கு மிகுதி. அது மாதக்கணக்கில் கல்லீரலில் சேர்ந்து, ஒருநாள் காமாலையும் கருஞ்சிவப்புச் சிறுநீருமாக வெளிப்படும். அதன் பிறகு காப்பாற்றுவது கடினம். செம்மறிக்கென்று தனியாக விற்பதை வாங்குங்கள். அடர்தீவனத்தை வீட்டிலேயே கலப்பவர்களுக்கு: மக்காச்சோளம் 35, கடலைப் பிண்ணாக்கு 25, தவிடு 37, தாது உப்பு 2, சமையல் உப்பு 1 என்பது நூறு கிலோவுக்கான கணக்கு. உங்கள் ஊரில் மலிவாகக் கிடைக்கும் கரும்புக் கொழுந்தாடையை நறுக்கிப் போடலாம், ஆனால் அது வயிற்றை நிரப்புமேயன்றிப் புரதம் தராது. அகத்தியோ வேலிமசாலோ கூட இருக்கட்டும்.

திட்டக்குடி: சோளப் பயிர் முழங்கால் உயரம் வந்துவிட்டது. மேய விடலாமா?

கூடாது. இளஞ்சோளத்திலும், வாடித் துளிர்த்த சோளத்திலும் நஞ்சு உண்டு. பூக்கும்வரை பொறுங்கள்.

பாகூர்: ஓர் ஆடு சினையாக இருக்கிறது. என்ன சத்து கொடுப்பது?

எத்தனையாவது மாதம் என்று எழுதியிருந்தால் நன்றாயிருக்கும். செம்மறியின் சினைக்காலம் ஏறக்குறைய ஐந்து மாதம். முதல் மூன்று மாதத்துக்கு வழக்கமான தீவனமே போதும். கடைசி ஆறு வாரத்தில்தான் வயிற்றுக் குட்டி வேகமாக வளர்கிறது. அப்போது அடர்தீவனத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி நாளைக்கு 200 முதல் 250 கிராம் வரை கொண்டுவாருங்கள். இங்கும் அந்தப் பத்து நாள் விதிதான். குட்டி பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடித்ததா என்று கண்ணால் பார்த்த பின்பே உறங்கப் போங்கள்.

சிதம்பரம்: மழைக்காலத்தில் ஆடுகள் கழிகின்றன. தீவனம் காரணமா?

பெரும்பாலும் புழு. பனி ஈரம் காயாத புல்லின் நுனியில் புழுக்குஞ்சுகள் ஏறியிருக்கும். வாய்க்கால், ஏரிக்கரை நத்தைகளால் தட்டைப்புழுவும் வரும். வெயில் ஏறிய பின் ஓட்டுங்கள். சாணத்தைப் பரிசோதித்த பின் மருந்து கொடுங்கள், கடைக்காரர் சொன்னதைக் கேட்டு அல்ல.

நெட்டப்பாக்கம்: விற்பனைக்கு வைத்திருக்கும் கிடாவுக்குத் தவிடு நிறையப் போடுகிறேன். மூன்று நாளாகச் சிறுநீர் சொட்டுச் சொட்டாக வருகிறது, முக்குகிறது.

தவிட்டில் மணிச்சத்து மிகுதி, சுண்ணாம்புச் சத்து குறைவு. அதனால் கல் உண்டாகிக் குழாயை அடைத்துக்கொண்டிருக்கலாம். மூன்று நாளாக முக்கும் கிடாவை வைத்துக்கொண்டு எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். இதைப் படிக்கும்போது கிடா உயிருடன் இருந்தால், மீதியைப் படிக்காமல் கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.