கிளப்பை விட்டு விலகும்போது: விளையாட்டுக் கேள்வி பதில்

2020-ல் பார்சிலோனாவை விட்டுப் போறேன்னு மெஸ்ஸி நோட்டீஸே குடுத்தாரு, போக முடியலை. மறு வருசம் இருக்கறேன்னாரு, இருக்க முடியலை. ஏனுங்க அப்படி?
– வாசகர், பொள்ளாச்சி

இரண்டு முறையும் குறுக்கே நின்றது தேதி. சீசன் முடிவில் பணம் கட்டாமல் விலகலாம், ஆனால் ஜூன் 10-க்குள் சொல்லிவிட வேண்டும் என்று அவர் ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து இருந்தது. கொரோனாவால் அந்த சீசன் ஆகஸ்ட் வரை இழுத்தது. ஆகஸ்ட் 14-ல் பேயர்ன் மியூனிக்கிடம் 2-8 என்று தோற்றார்கள்; 25-ல் மெஸ்ஸியின் புரோஃபாக்ஸ் கிளப்புக்குப் போனது. என்ன எழுதப்பட்டது, எப்போது சேர்ந்தது என்பதற்குச் சட்டப்படி சான்று தரும் ஸ்பெயின் அஞ்சல் அது.

சீசன் முடிந்ததே இப்போதுதான் என்றது மெஸ்ஸி தரப்பு. தாளில் இருப்பது ஜூன் 10 என்றது கிளப். ஸ்பெயின் லீக்கை நடத்தும் லா லிகாவும் கிளப் பக்கமே நின்றது: போவதென்றால் விடுவிப்புத் தொகை 70 கோடி யூரோ. மிச்சமிருந்தது கோர்ட் மட்டும். 13 வயதில் வந்து சேர்ந்த கிளப்பை அங்கே இழுக்க மனமில்லாமல் செப்டம்பர் 4-ல் தங்குவதாகச் சொன்னார். அவர் வாதம் சொத்தையானதல்ல. ஆனால் ஜூன் முதல் வாரத்திலேயே ‘ஷரத்தைப் பயன்படுத்துகிறேன்’ என்று நாலு வரி அனுப்பியிருந்தால் இந்த வழக்காடலுக்கே இடமிருந்திருக்காது.

2021-ல் சிக்கல் வேறு. ஜூன் 30-ல் ஒப்பந்தம் காலாவதியானதால் அவரைப் புதிய ஆட்டக்காரராகப் பதிய வேண்டியிருந்தது. கிளப்பின் வருமானத்தைப் பார்த்து லா லிகா சம்பளத்துக்கு உச்சவரம்பு வைக்கும். மெஸ்ஸியைச் சேர்த்தால் சம்பளச் செலவு வருமானத்தில் 110 சதவீதம், அவர் இல்லாமலே 95 என்றார் தலைவர் லபோர்ட்டா. பாதிச் சம்பளத்துக்கு மெஸ்ஸி ஒத்துக்கொண்டும் கணக்கு உதைத்தது. ஆகஸ்ட் 5-ல் கிளப் கைவிரித்தது. 10-ல் அவர் பாரிஸ் அணியில் கையெழுத்திட்டார்.

எங்க அக்கா பையன் ஒரு கிளப்புல அக்ரிமென்ட் போட்டு ஆடறானுங்க. ரெண்டு மாசமாச் சம்பளம் வரலை. உடனே வேற கிளப்புக்குப் போயிரலாங்களா?
– வாசகர், திருப்பூர்

உடனே வேண்டாம். ஃபிஃபா விதிப்படி, குறைந்தது 2 மாதச் சம்பளம் நிலுவையில் இருந்தால் முதலில் எழுத்தில் கேட்டு, முழுப் பாக்கியையும் தர 15 நாள் அவகாசம் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகும் வராவிட்டால்தான் முறிக்கலாம். எந்த மாதம், எவ்வளவு, எந்த வங்கிக் கணக்கில் போட வேண்டும் என்று கடிதத்தில் தனித்தனியாக இருக்கட்டும். பொத்தாம் பொதுவாக ‘பாக்கி’ என்று எழுதினால் எதிர்த்தரப்பு தொகையிலேயே தகராறு கிளப்பும். பேங்க் ஸ்டேட்மென்டும் கடிதம் சேர்ந்த அத்தாட்சியும் பத்திரம்.

அந்த 15 நாளும் பையன் பயிற்சிக்குப் போயே ஆக வேண்டும். பெரும்பாலும் இங்கேதான் கெட்டுப்போகிறது: கோபத்தில் நின்றுவிடுகிறார்கள், புதுக் கிளப் ஜெர்சியில் படமும் போட்டுவிடுகிறார்கள். ஒப்பந்தத்தை முறித்தது இவன்தான் என்று கிளப் அதையே ஆதாரமாக நீட்டும். 28 வயதுக்கு முன் கையெழுத்திட்டவர் தகுந்த காரணமில்லாமல் முதல் 3 சீசன் அல்லது 3 ஆண்டுக்குள் முறித்தால் 4 மாத ஆட்டத் தடை, இழப்பீடு இரண்டும் வரலாம். 2024-ல் மோகன் பகானை விட்டு ஈஸ்ட் பெங்கால் போன அன்வர் அலிக்கு அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் குழு விதித்ததும் 4 மாதம்தான். அவரும் சம்பந்தப்பட்ட கிளப்புகளும் சேர்ந்து கட்ட வேண்டிய இழப்பீடு 12.90 கோடி ரூபாய் என்றது. விவகாரம் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போனது.

ஒப்பந்தத்தில் கடைசி 6 மாதம்தான் பாக்கி என்றால் வேறு கிளப்போடு தாராளமாகப் பேசலாம். ஆனால் கூப்பிடுகிற கிளப், பேச்சைத் தொடங்கும் முன் இப்போதைய கிளப்புக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

ரொனால்டோ மாதிரி டி.வி.யில கிளப்பைத் திட்டிப்போட்டா அவங்களே விட்ருவாங்களா?
– வாசகர், ஈரோடு

விட்டார்கள், 2022 நவம்பர் 22-ல் இரு தரப்பும் சம்மதித்துப் பிரிந்ததாக மான்செஸ்டர் யுனைடெட் அறிவித்தது. அவர் பெயருக்கு அது செல்லும். சாதாரண ஆட்டக்காரர் செய்தால் ஒப்பந்த மீறல் என்று கிளப்பே நோட்டீஸ் அனுப்பும். ரொனால்டோவும் முழுதாகத் தப்பவில்லை. ரசிகர் ஒருவரின் செல்போனைத் தட்டிவிட்டதற்காக இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் விதித்த 2 ஆட்டத் தடை அவர் கூடவே சவுதிக்குப் போனது. அங்கே சேர்ந்த அல் நாசர் கிளப்பில் அதைக் கழித்த பிறகுதான் களமிறங்கினார்.