ஆறும் பெட்டையா?

கேள்வி: ஞாயிற்றுச் சந்தையில் ஒரு மாத நாட்டுக்கோழிக் குஞ்சு ஆறு வாங்கினேன். வியாபாரி ஒவ்வொன்றாகக் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டு, "ஆறுமே பெட்டைதான்" என்று சொல்லி, குஞ்சுக்கு 30 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டார். இப்போது குஞ்சுகளுக்கு இரண்டு மாதம் ஆகப்போகிறது. இரண்டுக்கு மட்டும் கொண்டை சிவந்து வருகிறது. சேவலா? பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?

பதில்: அந்த இரண்டும் அநேகமாகச் சேவல்தான். ஆறேழு வாரத்தில் சேவலுக்குத்தான் கொண்டை தடித்துச் சிவக்கும், அலகுக்கு அடியில் தாடியும் இறங்கும். அந்த வயதில் பெட்டையின் கொண்டை வெளுத்துச் சின்னதாகவே இருக்கும். ஆனால் மற்ற நான்கும் பெட்டைதான் என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம். அசில், பெருவிடை போன்ற சண்டைக்கோழி ரத்தம் கலந்திருந்தால் சேவலுக்கும் கொண்டை தட்டையாக, சிறிதாகத்தான் வரும். கருங்கோழிக்குக் கொண்டையும் கறுப்பு, அதில் சிவப்பைத் தேடுவதே வீண்.

இன்னும் ஒரு மாதம் பொறுங்கள். மூன்று மாதம் தாண்டியதும் குஞ்சைக் கையில் எடுத்து, முதுகு வாலோடு சேரும் இடத்தில் இறகை விரலால் விலக்கிப் பாருங்கள். புதிதாக முளைக்கும் இறகு குறுகலாக, நுனி கூராக, பளபளவென்று இருந்தால் சேவல். நுனி உருண்டிருந்தால் பெட்டை. கழுத்து இறகிலும் இதே வித்தியாசம் தெரியும். கூவட்டும் பார்க்கலாம் என்று காத்திருப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

தலைகீழாகத் தொங்கவிட்டுப் பார்ப்பதெல்லாம் வெறும் நம்பிக்கை. குஞ்சு தலையைத் தூக்குவதற்கும் பாலினத்துக்கும் சம்பந்தமில்லை. முட்டையின் வடிவத்தை வைத்துச் சொல்வதும் அப்படித்தான். பெரிய பொரிப்பகங்களில் முதல் நாளே பிரிக்கிறார்களே என்பீர்கள். அங்கே பயிற்சி பெற்றவர்கள் ஆசனவாயைத் திறந்து பார்ப்பார்கள். இல்லையென்றால், அதற்கென்றே இணை சேர்த்து உருவாக்கிய ரகமாக இருக்கும். அதில் சிறகின் நீளத்திலேயே வித்தியாசம் தெரியும். சந்தையில் வரும் கலப்படக் குஞ்சுக்கு இரண்டுமே பொருந்தாது. பிரிக்காத கூட்டத்திலிருந்து எடுத்த ஆறும் பெட்டையாக அமைய 64-ல் ஒரு வாய்ப்புதான். வியாபாரிக்கும் இது தெரியாமல் இருக்காது.

பணம் கேட்கலாம், தப்பில்லை. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணும் இருக்கிறது. ஆனால் ரசீது இல்லாத சந்தைக் கொள்முதலில் புகாரை நிரூபிப்பது கஷ்டம். அதே ஆளிடம் மாற்றித் தரக் கேட்பதுதான் நடக்கிற காரியம். நாட்டுச் சேவலுக்குக் கறிக்கு எப்போதும் கிராக்கி உண்டு, அவருக்கு நஷ்டமில்லை. மாற்றி வாங்கும் கோழியை நேராகக் கூட்டில் விடாதீர்கள். வெள்ளைக்கழிச்சல் என்ற கோழி நோய் சந்தையிலிருந்துதான் சுலபமாக வீட்டுக்கு வரும். இரண்டு மூன்று வாரம் தனியாக அடைத்து வையுங்கள், தண்ணீர்க் கிண்ணமும் தனி.

கேள்வி: பள்ளி வாசலில் விற்கும் கலர் குஞ்சுகளை வளர்த்தால் முட்டையிடுமா?

பதில்: எதிர்பார்க்காதீர்கள். முட்டைக்கோழிப் பண்ணைக்குப் பெட்டை மட்டும் போதும். கழித்துவிடும் சேவல் குஞ்சுகள்தான் பெரும்பாலும் சாயம் பூசிக்கொண்டு உங்கள் தெருவுக்கு வருகின்றன.