கேள்வி நேரம்

கேள்வி: சிங்கமும் யானையும் இருக்க, ஆப்பிரிக்க எருமையைக் கண்டு வேட்டைக்காரர்கள் இவ்வளவு அஞ்சுவது ஏன்? (வாசகர், தேனி)

பதில்: நம்மூர்க் குட்டையில் கழுத்தளவு முங்கி அசைபோடுமே, அந்தச் சாதுவை நினைத்துக்கொள்ளாதீர்கள். அது வேறு இனம். ஆப்பிரிக்க எருமையை யாரும் ஏரில் பூட்டிப் பழக்கியதில்லை. தென்பகுதி சவானா புல்வெளிகளில் பெரிய கடா 800 கிலோவைத் தொடும். இரு கொம்புகளின் அடியும் நெற்றியில் சேர்ந்து கவசம்போல் தடித்திருக்கும்.

இத்தனைக்கும், மந்தையாக மேய்பவை பெரும்பாலும் ஆளைக் கண்டால் விலகி ஓடிவிடும். வம்பு, குண்டடிபட்டதிடம்தான். குறி பிசகினால் நேரே அடர்ந்த புதருக்குள் புகுந்துகொள்ளும். தரையில் ரத்தச் சொட்டுகளைத் தேடிக்கொண்டே குனிந்து போகிறவர் நிமிரும்போது, பத்தடியில் நிற்கும். மூக்கை நீட்டி, தலையைத் தூக்கியபடி பாயும். முட்டும் நொடியில்தான் தாழ்த்தும். 'கறுப்பு மரணம்' என்ற பட்டப்பெயர் சும்மா வரவில்லை.

'பழிவாங்கும் குணம்' என்கிறார்கள் வேட்டைக்காரர்கள். சுட்டவர் குணத்தைப் பற்றி மூச்சு விடுவதில்லை, பாருங்கள்! சிங்கத்திடமும் எதிர்த்து நின்றே பிழைத்த பிராணி அது. 2004-ல் தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் பூங்காவில் சிங்கங்கள் பிடித்த கன்றை ஒரு முதலையும் பற்றி இழுத்தது. மந்தையே திரும்பி வந்து, ஒரு சிங்கத்தைக் கொம்பால் தூக்கியெறிந்து, கன்றை உயிரோடு மீட்டது. ஒரு சுற்றுலாப் பயணி எடுத்த அந்த வீடியோ யூடியூபில் கிடைக்கிறது.