'துருவே பிடிக்காது' என்றார்களே!

கேள்வி: கடற்கரைக்குப் பக்கத்தில் வீடு. வாஷிங் மெஷின் வாங்கி நாலு வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் கீழ் ஓரமெல்லாம் துரு. வாங்கும்போது "ஜிஐ பாடி, துருவே பிடிக்காது" என்றார்கள். ஏமாந்துவிட்டேனா?
- ஒரு வாசகி, நாகப்பட்டினம்

பதில்: ஏமாற்றினார்கள் என்று சொல்ல மாட்டேன், பாதியை மட்டும் சொல்லியிருக்கிறார்கள். ஜிஐ என்பது சுமார் 450 டிகிரியில் உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த இரும்புத் தகடு. இரும்புக்குப் பதிலாகத் துத்தநாகம்தான் முதலில் அரிபடும், அதனால் சின்னக் கீறல் விழுந்தாலும் அந்த இடம் உடனே துருப்பிடிக்காது. வெறும் பெயிண்ட் அடித்த தகட்டுக்கு அந்த யோகம் இல்லை. ஆனால் துத்தநாகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டே இருக்கும், உப்புக் காற்றில் இன்னும் வேகமாக, அது தீர்ந்த அன்றைக்கு இரும்பு வெளியே வந்துவிடும்.

ஆக, கடைக்காரரிடம் கேட்க வேண்டியது 'ஜிஐயா' என்பதை அல்ல, பூச்சு எவ்வளவு என்பதை. (பதில் தெரிந்த கடைக்காரர் கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம்!) கூரைத் தகடுகளில் 275 ஜிஎஸ்எம் என்பார்கள், ஒரு சதுர மீட்டருக்கு இரண்டு பக்கமும் சேர்த்து 275 கிராம். ஒரு பக்கத்துக்கு 19 மைக்ரான் தடிமன்தான் வரும் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), தலைமுடியின் பருமன்கூட இல்லை. 120 ஜிஎஸ்எம் என்றால் 8 மைக்ரான் சொச்சம். வீட்டுச் சாதனங்களில் மேலே பெயிண்ட் இருக்கிறதே என்ற தைரியத்தில் மெல்லிய பூச்சோடு விட்டுவிடுவது சகஜம். அப்புறம், பூச்சு போட்ட பிறகு தகட்டை வெட்டினால், வெட்டிய விளிம்பில் இரும்பு அப்படியே தெரியும். கீழ் ஓரத்தில் தண்ணீரும் தேங்கினால் கேட்கவே வேண்டாம்.

இப்போது செய்ய வேண்டியது: பிளக்கைப் பிடுங்கிவிட்டு, துருவை உப்புத்தாளால் பளபளவென்று இரும்பு தெரியும்வரை தேயுங்கள். துத்தநாகம் கலந்த ப்ரைமர் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும், அதை அடித்துக் காயவிட்டு மேலே எனாமல் பெயிண்ட். துருவின் மேலேயே பெயிண்ட் அடித்தால் உள்ளே அரிப்பு தொடரும். மெஷினை ஸ்டாண்டில் ஏற்றுங்கள், அவ்வப்போது நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உப்பைத் துடைத்துவிடுங்கள்.

கேள்வி: ஆபீஸ் கம்ப்யூட்டர் கேபினட்டின் உள்பக்கம் பெயிண்டே இல்லை, ஆனால் துருவும் இல்லை. எவர்சில்வரா?
- ஒரு வாசகர், மதுரை

பதில்: பெரும்பாலும் இல்லை. அதுவும் துத்தநாகம் பூசிய இரும்புதான். இந்த மாதிரி வேலைக்கு மின்சாரம் பாய்ச்சிச் சில மைக்ரான் மட்டும் சீராகப் படியவைத்த தகடும் உண்டு. மின் அலைகள் வெளியே கசியாமல் இருக்க, பாகங்கள் உலோகத்தோடு உலோகம் தொட வேண்டும், எர்த்தும் அப்போதுதான் சரியாக இருக்கும், பெயிண்ட் அடித்தால் அது கெடும். துத்தநாகம் சீக்கிரம் அரிபடாமல் இருக்க, அதன் மேல் முன்பு குரோமேட் பூச்சு கொடுப்பார்கள். அதிலிருக்கும் ஆறிணைதிற குரோமியம் (ஹெக்ஸாவேலன்ட் குரோமியம்) என்ற குரோமிய வகை நச்சு என்பதால் 2006 ஜூலையிலிருந்து ஐரோப்பிய யூனியன் மின்சாதனங்களில் அதைக் கட்டுப்படுத்தியது, தகடு தயாரிப்பவர்களும் வேறு பூச்சுக்கு மாறினார்கள்.

உள்ளே வெள்ளைப் பொடி தெரிந்தால் மட்டும் கவனியுங்கள். அது துத்தநாகத்தின் துருவாக இருக்கலாம், எங்கிருந்தோ ஈரம் வருகிறது. முதலில் கேபினட்டை அங்கிருந்து நகர்த்துங்கள்.